நைனாவின் முதுகுக்கு விழுந்த ஓட்டு

பாகாலா ஜங்ஷனில் எங்கள் பாசஞ்சர் ரயில் வெகுநேரமாக நின்றிருந்தது. சித்தூர்ப் பக்கம் ஊரில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் மல்லாட்டையைக் கொட்டிக் கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்:

“நம்ப சித்தூர் பையன் கீறானே, டிவியில கிட்டார் போட்டியில... சிரிக்கவே மாட்டேங்கிறான்டி. இன்னாத்துக்கு அவ்ளோ மொறப்பு?”

“மொறப்பு இல்லடி, பயம். அந்த வைசாக் பொண்ணப் பாரு, எப்பிடி சிரிச்சிக்கினு வாசிக்குது! நாங்கல்லாம் அதுக்குத்தான் எஸ்.எம்.எஸ். போட்டோம்.”

அந்தப் பையன் என் தம்பி. அவனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பான். இதைச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. சொன்னால், நீ யார் என்பார்கள். அப்புறம் திருப்பதி வரை கேள்விதான். எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டேன். ரயில் கிளம்பிய பிறகும் உட்காரவில்லை.

அந்தச் சில மாதங்கள் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன். எங்கே போனாலும் என் தம்பியைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் வாலிபத்தில் இருந்தபோது எங்களுக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லாரிக்குக் கூடை ஏற்றி இறக்கிய முதுகு அவருடையது. சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்த வருடங்களில் மண்டியும் பெருத்தது. நைனா முதலில் ஒருவருடைய தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு சின்னதாகச் சொந்தத் தோப்பு. மண்டிக்குக் கூடை தூக்கப் போனவர், அதே மண்டிக்கு மாங்காய் அனுப்புகிறவர் ஆனார். அதற்குப் பிறகு அவர் வெள்ளைச் சட்டை போடாமல் பங்காருபாளையம் போய் நான் பார்த்ததில்லை.

தம்பி டிப்ளமா முடித்து, சூளூர்பேட்டைப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். சூளூர்பேட்டையிலேயே ரூம். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த பையன்கள் அதில் தங்கியிருந்தார்கள். மேகாலயாவிலிருந்து வந்த ஒருவனிடம் கிட்டார் இருந்தது. அவன் வாசிப்பதைத் தம்பி பார்ப்பான். அவன் ஷிஃப்டுக்குப் போன பிறகு எடுத்துத் தானே தடவிப் பார்ப்பான். இப்படியே விரல் பழகிவிட்டது. ஒருநாள் அந்தப் பையன் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பிப் போய்விட்டான், கிட்டாரோடு. அந்த வாரம் தம்பி எனக்கு போன் செய்து, “கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா. சோறு துன்னும்போதுகூட தட்டுல தாளம் போட்டுக்கினு கீறேன்” என்றான்.

நைனா காதுக்கு இது போனது. அந்த வருடம் மாங்காய் நன்றாகப் போயிருந்தது. மகனைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறினார். கடைக்காரர் காட்டிய கிட்டார்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, “இது கனமா கீது. இதான் நல்ல மரம், இத்தயே வாங்கிக்கோ” என்றாராம். மர விஷயத்தில் அவர் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டுதான் தம்பி ஹைதராபாத் போனான், அதை வாசித்துத்தான் போட்டிக்குள் நுழைந்தான்.

நான் அப்போது திருப்பதியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டின் சொந்தக்காரர் குடும்பம் மேலே. என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பகுதியில் கோயில் கைங்கர்யத்தில் இருந்த ஒருவரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். அந்த மாமி முதலில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கத்தான் வந்தார். அவர் வீட்டு டிவியில் மாமனார் செய்தியைத் தவிர வேறு எதையும் பார்க்க விடமாட்டார். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் போட்டி தொடங்கும் நேரத்துக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவார். வரும்போது ஒரு டப்பாவில் புளியோதரையோ ததியோன்னமோ இருக்கும்.

“உன் தம்பி கையைப் பாரேன், என்ன வேகம்! ஆனா கண்ணை எதுக்கு மூடிக்கறான்? பாக்கறவா முகத்தைப் பார்க்க வேண்டாமோ?” என்பார்.

“கூச்சம் மாமி.”

“கூச்சமிருக்கறவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? நீ சொல்லு அவன்கிட்ட.”

எப்படிச் சொல்வது? போட்டியாளர்களை ஹைதராபாத்தில் ஓர் இடத்தில் தங்க வைத்திருந்தார்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தருவார்கள். அதற்குள் எனக்கு ஊரார் அபிப்பிராயம் ஒரு மூட்டை சேர்ந்திருக்கும். பிளவுஸ் அளவு கொடுக்க வந்த நர்சம்மா, கிட்டாரோடு கூடப் பாடினால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்றார். தெருமுனை ரீசார்ஜ் கடைக்காரர், நடுவர்களில் ஒருவர் கோதாவரிக்காரர், ராயலசீமைப் பையனுக்கு மார்க் போடமாட்டார் என்று அடித்துச் சொன்னார். குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர், “எங்க ரூம்ல எல்லாரும் கடப்பாக்காரங்க. உன் தம்பிக்கு ஓட்டு போடணும்னு துடிச்சிக்கினு கீறாங்க. இங்கேருந்து போட்டா விழாதாமே?” என்று வருத்தப்பட்டார். தமிழ்க்காரப் பையனுக்குத் தெலுங்கு டிவியில் என்ன வேலை என்று ஒருத்தர் கேட்டதாகவும் காதில் விழுந்தது. எந்த அபிப்பிராயத்தை அவனிடம் சொல்வது, எதை விழுங்குவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன்.

ஓட்டில் தம்பி பின்னால்தான் இருந்தான். நடுவர்கள் நல்ல மார்க் போட்டார்கள், ஜனங்கள் போடவில்லை. அப்போதுதான் சேனலிலிருந்து ஊருக்குப் படம் எடுக்க வருவதாக நைனாவுக்கு போன் வந்தது.

நானும் போனேன். நைனா விடிவதற்குள் குளித்து, புது வேட்டி, புது வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். வேனிலிருந்து இறங்கிய டைரக்டருக்குத் தம்பி வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். மரியாதையான பையன். நைனாவைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

“நாயனா, பாத சொக்கா லேதா?” என்றான். பழைய சட்டை இல்லையா என்று கேட்கிறான்.

நைனாவுக்குப் புரியவில்லை. “இது புதுசு சார். இதுக்குன்னே தெச்சது” என்றார் தெலுங்கில்.

அவன் பொறுமையாக விளக்கினான். வைசாக் பெண்ணுடைய அப்பா பெரிய வேலையில் இருக்கிறார். அவள் இங்கிலீஷ் பேசுகிறாள். உங்கள் பையனுக்கு வாசிப்பு இருக்கிறது, ஆனால் பார்க்கிறவர்கள் மனதைத் தொட ஏதாவது வேண்டும். நீங்கள் மண்டியில் கூடை தூக்கிப் பட்ட கஷ்டத்தைக் காட்டினால் ஓட்டு கொட்டும்.

“கூட தூக்கறத எப்பவோ உட்டுட்டேனே” என்றார் நைனா.

“ஒரே ஒரு ஷாட் நாயனா. கொடுக்கு கோசம்.” மகனுக்காக.

நைனா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் உள்ளே போய், தோப்புக்குத் தண்ணீர் கட்டும்போது போடும் கிழிந்த பனியனைப் போட்டுக்கொண்டு வந்தார்.

பங்காருபாளையம் மண்டியில், தெரிந்த முகங்கள் எல்லாம் சுற்றி நின்று பார்க்க, நைனா முதுகில் மாங்காய்க் கூடையை ஏற்றிக்கொண்டு நடந்தார். முதல் தடவை வெளிச்சம் சரியில்லை என்றார்கள். மறுபடி நடந்தார். மறுபடி. பிறகு ஊருக்கு வந்து, எங்கள் கான்கிரீட் மெத்தை வீட்டை விட்டுவிட்டு, பின்னாலிருந்த மாட்டுக்கொட்டகையின் முன்னால் அம்மாவை உட்கார வைத்தார்கள். அழச் சொன்னார்கள். அம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. செத்துப்போன தன் அண்ணனை நினைத்துக்கொண்டு ஒருவழியாக அழுதாள். கடைசியாக, ஊருக்கு வெளியே எங்கள் காலனி தொடங்கும் இடத்திலிருக்கும் பெயர்ப் பலகையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை அது ஒளிபரப்பானது. சோகமான வயலின் இசைக்கு நடுவே நைனாவின் முதுகு டிவி முழுக்கத் தெரிந்தது. பிறகு கொட்டகை, அம்மாவின் கண்ணீர், காலனிப் பலகை. ஸ்டுடியோவில் பெரிய திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. கேமரா அவன் முகத்தை விட்டு நகரவேயில்லை.

என் பக்கத்தில் நாற்காலியில் மாமி உட்கார்ந்திருந்தார். பலகை வந்தபோது அவர் கையிலிருந்த விசிறி நின்றது. நிகழ்ச்சி முடிவதற்கு முன்பே எழுந்து, “அவர் வர்ற நேரமாயிடுத்து” என்று போய்விட்டார். கொண்டு வந்த டப்பாவை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் நான் அதைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, “அந்தப் படிக்கட்டுல வச்சுடு” என்றார். முகத்தில் கோபமில்லை. சங்கடம்தான் இருந்தது.

ஓட்டு கொட்டியது. டைரக்டர் பையன் சொன்னது பொய்யில்லை. அடுத்த வாரத் தொடக்கத்தில் தம்பி முதலிடத்தில் இருப்பதாக அறிவித்தார்கள். ரீசார்ஜ் கடைக்காரர், “சூஸாரா அம்மா, பாத்தீங்களா! நான் மூணு சிம்மிலேருந்தும் போட்டேன்” என்றார். நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். குவைத்திலிருந்து வீட்டுக்காரர், “இன்னாமே, உங்க நைனா இன்னும் கூடைய தூக்கறாரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! ரூம்ல எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்றானுங்க” என்றார். மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்து, சுற்றி வளைத்து, தன் தங்கை குடும்பம் ஊரிலிருந்து வருகிறது, இந்தப் பகுதி வேண்டியிருக்கும், நிதானமாக வேறு வீடு பார்த்துக்கொள் என்றார். தங்கை குடும்பம் கடைசிவரை வரவில்லை.

ஒளிபரப்புக்கு மறுநாள் அவனுக்குப் போனைத் தரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தபோது, முதலிடம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அக்கா, நைனா மறுபடியும் மண்டிக்குப் போறாராக்கா?”

“இல்லடா.”

“ஸ்க்ரீன்ல திடீர்னு நைனா கூடைய தூக்கிக்கினு வர்றாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. தோப்பு போச்சா, எனக்காக வித்துட்டாரா, இன்னான்னே தெரியல. கேக்கறதுக்கு ஆளும் இல்ல, போனும் இல்ல. அதான் அழுதேன்.”

நடந்ததைச் சொன்னேன். இன்னொன்றையும் சொன்னேன். ஊர் டீக்கடையில் மண்டி வியாபாரி ஒருவர், “ஓட்டு பையன் வாசிப்புக்கு உழல, அப்பன் முதுகுக்கு உழுந்துது” என்று எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறார். நைனா பாதி டீயை வைத்துவிட்டு வந்தவர், அதன் பிறகு கடைப்பக்கம் போகவில்லை. தோப்பே கதியென்று கிடக்கிறார்.

தம்பி “சரிக்கா, வெக்கிறேன்” என்றான்.

அடுத்த சுற்று நேரடி ஒளிபரப்பு. அன்று சாயங்காலம் தையல் மிஷினில் உட்கார்ந்தேன், ஊசி உடைந்தது. டிவி போட்டேன். தனியாக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. மாமி வரமாட்டார் என்று தெரிந்தும் வாசலை வாசலைப் பார்த்தேன். தம்பியின் பெயரைக் கூப்பிட்டதும் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

தெரு முழுக்க அதே நிகழ்ச்சிதான். எந்த வீட்டைத் தாண்டினாலும் ஜன்னல் வழியாக அது தொடர்ந்து வந்தது. ஒரு வீட்டில் தொகுப்பாளினி, “மீ நான்னகாரு படின கஷ்டம் குரிஞ்சி செப்பண்டி” என்றாள், குரலில் அழுகையைக் கலந்து. அப்பா பட்ட கஷ்டத்தைச் சொல்லச் சொல்கிறாள். நான் நின்றேன். உள்ளே யாரோ, “சவுண்ட் பெஞ்சரா” என்று சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள்.

தம்பியின் குரல் அடுத்த வீட்டிலிருந்து கேட்டது. தடுமாறாமல் பேசினான். “மா நாயனா கூலி காதண்டி, ரைத்து.” எங்கள் நைனா கூலி இல்லை, விவசாயி. கூலி வேலை செய்தது நிஜம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் இன்று அவருக்குச் சொந்தத் தோப்பு இருக்கிறது. நீங்கள் காட்டியது எங்கள் மாட்டுக்கொட்டகை. இந்தக் கிட்டாரை அவர்தான் பெங்களூரில் வாங்கிக் கொடுத்தார். தயவுசெய்து வாசிப்பைக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் போடாதீர்கள்.

ஸ்டுடியோவில் அவசரமாக ஒரு கைதட்டலைப் போட்டார்கள். தம்பி வாசிக்கத் தொடங்கினான்.

“எந்த பொகரு சூடு!” என்றார் ஜன்னலுக்குள் ஒருவர். என்ன திமிர் பார்.

“திமிரு இல்லப்பா, சரியாத்தான சொல்றான்” என்றது ஓர் இளம்பெண் குரல், தமிழில்.

“சரின்னா மொதல்லயே சொல்லணும். ஓட்டெல்லாம் வாங்கிக்கினு இப்ப சொன்னா?”

அந்த வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. நான் நகர்ந்தேன். ஒரு வீட்டில் சேனலை மாற்றிவிட்டார்கள். ஒரு வீட்டில் யாரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரீசார்ஜ் கடையில் நின்றிருந்த கூட்டத்தில் கடைக்காரர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல், “அநவசரங்கா நோரு ஜாரேடு” என்றார். தேவையில்லாமல் வாயை விட்டான் என்று அர்த்தம். நான் நிற்கவில்லை. எவ்வளவு வேகமாக நடந்தாலும் தம்பியின் கிட்டார் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. துண்டு துண்டாகக் கேட்டதால் அன்றைக்கு அவன் நன்றாக வாசித்தானா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. விட்ட இடமெல்லாம் இன்னும் காதில் ஓட்டையாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது, பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறமிருந்து மாமியின் குரல் கேட்டது.

“பொண்ணே! பாத்தேன். மாமனாரைச் சண்டை போட்டு எழுப்பி விட்டுட்டுப் பாத்தேன். இன்னிக்கு அவன் கண்ணை மூடிக்கலை.”

“அப்பிடியா மாமி?”

“ஆமா. நன்னா நிமிர்ந்து பாத்து வாசிச்சான்.”

அதன் பிறகும் நான் அந்த வீட்டிலிருந்த வரைக்கும், சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் சுவருக்கு அந்தப் புறமிருந்தேதான் சொன்னார். என் வாசல்படி ஏறவில்லை. அவரை வெறுக்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் வெறுக்க முடியவில்லை.

அந்தச் சுற்றில் தம்பி வெளியேறினான். ஓட்டு பாதாளத்துக்குப் போயிருந்தது.

அவன் சித்தூர் ஸ்டேஷனில் இறங்கிய காலையில் நானும் நைனாவும் போயிருந்தோம். நைனா அவனைப் பார்த்து, “துன்னியா?” என்று மட்டும் கேட்டார். அவன் தலையாட்டினான். ஊர் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீட்டுப் பக்கம் திரும்பாமல் நைனா நேராக டீக்கடையைப் பார்த்து நடந்தார். நானும் தம்பியும் பின்னால் போனோம். மண்டி வியாபாரி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நைனா அவருக்கு எதிரே உட்கார்ந்து, “மூணு டீ” என்றார்.

டீ வந்தது. வியாபாரி பேப்பரை மடித்தார். தொண்டையைச் செருமினார்.

“இன்னாப்பா, நல்லாதான் வாசிச்ச. ஆனா கடைசில ஒரு டியூன் எடுத்த பாரு, அது சரியில்ல. ரொம்ப மெதுவா பூடுச்சி. ஜனங்க தூங்கிட்டாங்க.”

“அது மெதுவாத்தாங்க வாசிக்கணும்” என்றான் தம்பி.

“இன்னாத்துக்கு? வேகமா எடுத்துக்கினு போயிருந்தா நின்னிருப்ப.”

“வேகமாத்தான் போன வாரம் வாசிச்சேனே...”

“போன வாரம் நல்லா இருந்துச்சி. யாரு இல்லன்னது?”

டீக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். மெதுவா, வேகமா என்று காலை வெயில் ஏறும் வரை பேச்சு நீண்டது. நைனா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது டீ சொல்லிவிட்டு, பேசுகிறவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனுடைய வாசிப்பைப் பற்றி ஊரில் சண்டை போடுகிறார்கள் என்பது அவருக்குப் போதுமாயிருந்தது.

தம்பி சூளூர்பேட்டைக் கம்பெனிக்குத் திரும்பவில்லை. பெங்களூருக்குப் போய்விட்டான். பெரிய குடியிருப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான், கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கிறான். ஒரு இடத்தில் நிலைக்கவில்லை, ரூம் மாற்றிக்கொண்டே இருக்கிறான். நானும் திருப்பதியில் வேறு பகுதிக்கு மாறினேன். புது வீட்டின் சொந்தக்காரர் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே எங்கள் ஊரும் காலனியும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, மோட்டார் போடும் நேரத்தைப் பற்றிப் பேசினார்.

அந்த வீட்டுக்குப் போன பிறகு ரொம்ப நாள் கேபிள் கனெக்‌ஷன் வாங்கவில்லை. குவைத்திலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர்தான் பொறுக்க முடியாமல் ஆளைக் கூப்பிட்டுக் கேபிள் இழுத்தார். இப்போது ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள் என்று எத்தனையோ போட்டிகள் வருகின்றன. யாராவது ஒரு பிள்ளையின் வீட்டைக் காட்டத் தொடங்கினால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். வாசிப்பு தொடங்கியதும் வந்து கதவு நிலையைப் பிடித்தபடி நிற்கிறேன்.

“உக்காந்து பாரேன்மே” என்கிறார் அவர்.

“நீ பாரு. எனக்கு அடுப்புல வேல கீது” என்கிறேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.